மர வேகனின் ஊர் தேடி: ஹெர்ஷியிலிருந்து ஆல்பர்ட்டா வரை

முதல் நாள்: ஹெர்ஷி, பென்சில்வேனியா

1949 முதல் 1951 வரை ஃபோர்டு கட்டிய ஸ்டேஷன் வேகனைப் பழைய நிலைக்கு மீட்டெடுக்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள். பக்கவாட்டில் மேப்பிள் சட்டமும் மஹோகனிப் பலகையும் தெரிய, இரண்டே கதவுகளோடு எட்டு பேர் உட்காரும் வண்டி அது. அமெரிக்கர்கள் இதை ‘உட்டி’ என்பார்கள். மூன்று ஆண்டுகளில் 80 ஆயிரத்துக்கும் மேல் செய்தும் இன்று அரிதாகிவிட்டதற்கு மரம்தான் காரணம். உதிரிபாகம் கிடைக்கும் ஹெர்ஷியில் தொடங்கி, ஆவணங்கள் இருக்கும் டியர்பார்ன் வழியாக, அந்த மரம் வளர்ந்த மிச்சிகனின் மேல் தீபகற்பம் வரை போகிறோம்.

ஹெர்ஷியில் அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி அமெரிக்கப் பழைய கார் சங்கத்தின் கூடல் நடக்கிறது. 1955 முதல் நடந்துவரும் இந்தச் சந்தை பல ஆயிரம் கடை இடங்களோடு கேளிக்கைப் பூங்காவைச் சுற்றிய வாகன நிறுத்துமிடங்கள் முழுக்கப் பரவியிருக்கும். கடைசி நாள் கார் கண்காட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். பாகம் தேடுகிறவர்கள் வாரத்தின் நடுவிலேயே வந்துவிட வேண்டும். நல்ல சரக்கு வியாழனுக்குள் கைமாறிவிடும்.

எந்த ஆண்டு வண்டி என்பது தெரியாமல் ஒரு திருகுகூட வாங்கக் கூடாது. 1949 வண்டியின் பேனட்டில் ஃபோர்டு என்ற எழுத்துகள் தனித்தனியாகப் பதிந்திருக்கும். 1950இல் அந்த இடத்தில் கேடயச் சின்னம் வந்தது, கதவுக் கைப்பிடியும் பொத்தானை அழுத்தித் திறப்பதாக மாறியது. 1951இன் முன் கிரில்லில் நடுவிலிருந்த ஒற்றைக் குமிழ் போய், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வந்தன. வண்டி எண்ணும் உதவும். 1949 வி8 வண்டிகளின் எண் 98பிஏ என்று தொடங்கும், ஆறு சிலிண்டர் என்றால் 98எச்ஏ. 1950, 51 எண்களில் முதல் எழுத்து எஞ்சினையும் அடுத்த இலக்கம் ஆண்டையும் சொல்லும்.

பாக எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். ஃபோர்டு எண்ணின் முன்னொட்டு ஆண்டைக் காட்டும்: 8ஏ என்றால் 1949, 0ஏ என்றால் 1950, 1ஏ என்றால் 1951. நடுவிலுள்ள எண் பாகத்தின் வகை: 9510 கார்புரேட்டர், 12127 தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், 6049உம் 6050உம் சிலிண்டர் ஹெட்கள். உடல் பாகங்களின் நடு எண் 79 என்று தொடங்கினால் அது ஸ்டேஷன் வேகனுக்கு மட்டுமே உரியது. கிரில், முன் மட்கார்டு, மீட்டர் எல்லாம் செடான் வண்டியிலிருந்தே கிடைத்துவிடும். 79 பாகங்களுக்கு அந்த வழி இல்லை. பின் கதவின் கீல், மேல் கண்ணாடிக் கதவைத் தாங்கும் கம்பி, ஸ்டெப்னியைப் பின் கதவில் பிடிக்கும் தாங்கி, நடு வரிசை இருக்கையின் அடிச்சட்டம் ஆகியவை கண்ணில் பட்டால், தேய்ந்திருந்தாலும் வாங்கிவிடுவதே நல்லது. தேய்ந்த கீலுக்குப் புஷ் போட்டுக்கொள்ளலாம். இல்லாத கீலை அளவு தெரியாமல் செய்ய முடியாது.

எஞ்சின் ஹெட் வாங்குகிறவர்கள் ஒரு சிறு புட்டியில் மண்ணெண்ணெயும் ஒரு சாக்பீஸும் வைத்திருக்க வேண்டும். சுத்தமான பரப்பில் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, உலரத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு தெரியும். 8பிஏ என்று வார்ப்பில் எழுதிய ஹெட்தான் இந்த ஆண்டுகளுக்கு உரியது. 1952, 53இல் வந்த ஈஏபி ஹெட் அப்படியே பொருந்தும், அழுத்தமும் சற்றுக் கூடும். ஓட்டுவதற்கு அது குறையே இல்லை. அசல் நிலைக்கு என்றால் 8பிஏ மட்டுமே.

இரண்டாம் நாள்: மேற்கு நோக்கி நெடுஞ்சாலையில்

டியர்பார்னுக்குச் சுமார் 500 மைல். 1940இல் கார்லைலுக்கும் இர்வினுக்கும் இடையே முதல் பகுதி திறந்த பென்சில்வேனியா கட்டணச் சாலையில் மலைச் சுரங்கப்பாதைகளைத் தாண்டி, பிறகு ஓஹாயோவின் சமதளம்.

வாங்கிய வண்டியை டிரெய்லரில் ஏற்றி வருகிறவர்களை இந்தச் சாலையில் நிறையப் பார்க்கலாம். மர வேகனை ஏற்றும்போது பட்டைகளை அச்சிலோ சேஸிலோ மட்டும் கட்ட வேண்டும். உடலின் மேல் பட்டை போட்டு இறுக்கினால் மூட்டுகள் திறந்துகொள்ளும். பின் கதவைத் தாளிட்டதோடு விடாமல் கயிற்றாலும் கட்டுங்கள், ஸ்டெப்னியைக் கழற்றி உள்ளே வையுங்கள். அத்தனை எடையும் குலுக்கலில் இரண்டு பழைய கீல்களை இழுத்துக்கொண்டே வரும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றுவது கூடவே கூடாது. பகலில் வியர்க்கும் ஈரம் இரவில் மரத்துக்குள்ளேயே திரும்பிப் போகும். மூடிய டிரெய்லர் கிடைத்தால் அதுவே சிறந்தது. வண்டி சுமார் 3,500 பவுண்டு. மொத்தச் சுமையில் 10 முதல் 15 விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கியில் விழும்படி முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

மூன்றாம் நாள்: டியர்பார்ன், மிச்சிகன்

ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தை ஒட்டி பென்சன் ஃபோர்டு ஆய்வு மையம் இருக்கிறது. கம்பெனியின் பழைய படங்கள், வரைபடங்கள், சேவை அறிக்கைகள் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எந்தப் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனால்தான் நாள் வீணாகாது.

படங்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. விளம்பரப் படங்களில் பல, உற்பத்தி தொடங்கும் முன் செய்த மாதிரி வண்டிகள். தூரிகையால் மெருகேற்றியவையும் உண்டு. அசெம்ப்ளி வரிசையில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் ஒன்று பத்து விளம்பரங்களுக்குச் சமம். திருகுத் தலைகள் எந்த இடத்தில் தெரிகின்றன, பலகையின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் ரப்பர் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். ஃபோர்டு அந்நாளில் அடுப்பில் சுட்ட எனாமல் பெயிண்ட் அடித்தது. ஆகவே மேலே கிளியர் கோட் போட்ட இன்றைய ஆழ்ந்த பளபளப்பு இந்த வண்டிக்கு அந்நியம். ஒற்றை அடுக்கு எனாமல் அடித்து, மெருகை மிதமாக நிறுத்த வேண்டும்.

டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் எஞ்சின் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால் எஞ்சினை இங்கேயே பேசிவிடலாம். பிளாட்ஹெட் வி8இன் கொள்ளளவு 239 கன அங்குலம், திறன் 100 குதிரைசக்தி. சிலிண்டர் விட்டம் 3-3/16 அங்குலம், ஓட்டம் 3-3/4. வால்வுகள் எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கின்றன. வெளியேறும் புகை பிளாக்கினுள் தண்ணீர் உறையைக் கடந்துதான் வெளியே வருகிறது. சூடாகிறது என்று இந்த எஞ்சினைக் குறை சொல்கிறார்களே, அதன் வேர் இந்த அமைப்பில்தான்.

பிளாக்கைப் பிரித்ததும் போரிங்குக்கு, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்த, அனுப்பிவிட வேண்டாம். முதலில் காரத் தொட்டியில் வேகவைத்து, தண்ணீர்த் துளைகள் வழியே கம்பி விட்டுக் குடைய வேண்டும். வார்ப்படச் சாலையில் மிஞ்சிய களிமண்ணும் மணலும் துருவோடு இறுகி, பின் சிலிண்டர்களைச் சுற்றி இன்னும் கிடக்கும். கைப்பிடி கைப்பிடியாக வெளியே வரும். அதை விட்டுவிட்டுப் புது ரேடியேட்டர் போட்டால் கொதிப்பது நிற்காது. அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் விளிம்பு வரை, ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றி, இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே என மூன்று இடங்களில் விரிசல் வழக்கம். போல்ட் துளையிலிருந்து தண்ணீர்த் துளைக்கு ஓடும் சிறு கீறலோடு பல எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கிய விரிசல் வேறு. தையல் ஆணி முறையிலோ ஸ்லீவ் இறக்கியோ சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு பிளாக் தேட வேண்டும். விரிசல் பார்த்த பிறகுதான் போரிங்.

ஹெட்டுக்கு 24 போல்ட். பல போல்ட்கள் தண்ணீர் உறைக்குள் இறங்குவதால் மரையில் சீலண்ட் தடவாமல் போடக் கூடாது. நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 65 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்க வேண்டும். எஞ்சினைச் சூடேற்றி மறுபடி இறுக்குவது வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு மட்டும். அலுமினியம் போட்டவர்கள் ஆறிய பின் இறுக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். 1949இல் ஃபோர்டு கொண்டுவந்த லோடோமேட்டிக்கில் சுழலும் எடைகள் கிடையாது. தீப்பொறியை முன்தள்ளுவது கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சல் மட்டுமே. அதற்கென்று இந்த வண்டியின் ஹோலி கார்புரேட்டரில் தனித் துளை இருக்கிறது. அழகுக்காகப் பழைய ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரை மாட்டினால் அந்தச் சமிக்ஞை வராது, டைமிங் பின்தங்கும், வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கும், தண்ணீரும் கொதிக்கும். ஹோலியே இருந்தாலும் த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுத்தால் இதே நோய்தான். ஆகவே ரேடியேட்டரைக் குறை சொல்லும் முன் அந்தத் தண்டை ஆட்டிப் பாருங்கள். தீப்பொறி வரிசை 1-5-4-8-3-6-2-7. பயணி பக்கத்து வரிசையில் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, ஓட்டுநர் பக்கத்தில் 5 முதல் 8. பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம்.

நான்காம் நாள்: மாக்கினா பாலம் தாண்டி

வடக்கே 75ஆம் நெடுஞ்சாலையில் போகப் போகத் தொழிற்சாலைகள் குறைந்து காடு தொடங்குகிறது. 1957 நவம்பரில் திறந்த மாக்கினா பாலம் ஐந்து மைல் நீளம். தொங்கும் நடுப்பகுதி மட்டும் 3,800 அடி. இடப்பக்கம் மிச்சிகன் ஏரி, வலப்பக்கம் ஹ்யூரான் ஏரி. அக்கரையில் செயின்ட் இக்னஸ்.

நாம் பேசும் வேகன்களைச் செய்த காலத்தில் இந்தப் பாலம் இல்லை, வாகனங்கள் படகில் கடந்தன. குளிர்காலச் சாலையில் உப்புப் போடும் ஊர் இது. இங்கே ஓடிய வண்டியின் மரம் நன்றாக இருந்தாலும் அடித்தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

இந்த மாதிரியில் கூரையும் உடலின் எலும்புக்கூடும் எஃகு. 1948 வரை வந்த ஃபோர்டு வேகன்களில் கூரையே மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய செயற்கைத் தோல். 1949இல் மரம் பக்கச்சுவர், கதவு, பின் கதவு ஆகியவற்றோடு நின்றது. எனவே எஃகு கோணலாக இருந்தால் மரம் ஒருநாளும் நேராக உட்காராது. மரவேலையை முதலில் முடித்துவிட்டுத் தகர வேலைக்கு வருகிறவர்கள் புது மரத்தை மறுபடி அறுக்க நேர்கிறது.

வண்டியை நான்கு சக்கரங்களின் எடை விழும் இடங்களில் தாங்கி, தரைக்கு இணையாக நிறுத்துங்கள். சேஸின் நடுவில் ஜாக்கி கொடுத்தால் வண்டி வளைந்த நிலையில் அளவு எடுப்பீர்கள். சேஸுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர் திண்டுகள் நசுங்கியிருக்கும். அவற்றை மாற்றி, தேவையான இடத்தில் தகட்டு ஷிம் வைத்து, கதவுத் திறப்பை மூலைக்கு மூலை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களையும் எதிர்ப்பக்கக் கதவின் அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் ஒரு நூலுக்குள் (1/8 அங்குலம்) வரும்வரை மரத்தைத் தொட வேண்டாம். அளவு சரியானதும் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை ஸ்பாட் வெல்டு வைத்துக் கட்டிவிட்டுத்தான் மரத்தைக் கழற்ற வேண்டும்.

துரு ஒளியும் இடங்கள்: மரச் சட்டத்துக்குப் பின்னால் உள்ள எஃகின் கீழ் மடிப்பு, பின் சக்கர வளைவின் மேல்பக்கம், பின் கதவு மூடும் படிக்கட்டு, தரைத் தகட்டின் விளிம்பு. மரத்தின் பின்னால் வழியும் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். எழுபது ஆண்டுப் புழுதி அவற்றை அடைத்துவிடுகிறது, மரமும் எஃகும் ஒரே குட்டையில் ஊறுகின்றன. 18 கேஜ் தகட்டில் பாகம் வெட்டி, துளை வெல்டிங்கில் பிடிக்க வேண்டும். அசல் ஸ்பாட் வெல்டின் தோற்றம் அதில்தான் கிடைக்கும். தரையில் ஃபைபர் கிளாஸும் பட்டியும் போட்டு மூடிய வண்டியை வாங்கினால், அந்த மூடலுக்கு அடியில் உள்ள அத்தனையையும் மறுபடி வெட்ட நேரும். வெல்டிங் முடிந்ததும் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து பாருங்கள். புதுப் பிரைமரும் சீலரும் அவற்றை மறுபடி அடைத்துவிடும்.

ஐந்தாம் நாள்: ஏரிக்கரை வழியே அயர்ன் மவுண்டன்

யு.எஸ். 2 சாலை மிச்சிகன் ஏரியை ஒட்டியே மேற்கே போகிறது. மனிஸ்டிக், எஸ்கனாபா வழியாக அயர்ன் மவுண்டன் சுமார் 200 மைல். இந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்குகள் பலவற்றில் எத்தனால் கலக்காத பெட்ரோல் தனிக் குழாயில் கிடைக்கும். பிளாட்ஹெட்டின் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் மேலேயே பின்பக்கம் உட்கார்ந்திருப்பதால், எத்தனால் கலந்த பெட்ரோல் வெயிலில் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோகும். எங்கும் இது கிடைக்காது என்பதால் பம்ப் டயாஃப்ரமும் குழாய்களும் எத்தனாலைத் தாங்கும் ரப்பராக இருப்பது நல்லது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. இந்த வண்டி 6 வோல்ட், பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்பவர்கள் சோம்பலாகச் சுழலும் ஸ்டார்ட்டரைக் காட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கேபிள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும், அதே கம்பியில் இழப்பு நான்கு மடங்காகும். கடையில் விற்கும் மெல்லிய 12 வோல்ட் கேபிளைக் கழற்றிவிட்டு 1/0 அல்லது 2/0 கேஜ் கேபிளும், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் எர்த் பட்டையும் போட்டால் ஸ்டார்ட்டர் உயிர்பெறும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. காயிலின் நெகட்டிவ் முனை சாவிப் பக்கம், பாசிட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறி பலவீனமாகும். வயரிங்கைத் துணி பின்னிய உறையோடு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அசல் நிலைக்கு அதுவே வேண்டும்.

ஆறாம் நாள்: அயர்ன் மவுண்டன், கிங்ஸ்ஃபோர்டு

1920களின் தொடக்கத்தில் ஹென்றி ஃபோர்டு மேல் தீபகற்பத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் காடு வாங்கினார். அதற்கு வழி செய்தவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு, ஃபோர்டின் உறவுக்காரப் பெண்ணை மணந்தவர். அயர்ன் மவுண்டனை ஒட்டி எழுந்த மரத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. மரக்கழிவிலிருந்து செய்த அடுப்புக்கரிக் கட்டிகளும் பிற்காலத்தில் அதே பெயரில் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் இதே ஆலை சிஜி-4ஏ என்ற, மரமும் உலோகமும் துணியும் சேர்ந்த, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களைச் செய்தது. மொத்தம் 4,190. வேறெந்த ஆலையும் அத்தனை செய்யவில்லை. அயர்ன் மவுண்டன் அருங்காட்சியகத்தில் மீட்டெடுத்த ஒரு கிளைடர் நிற்கிறது. மெல்லிய மரத்தை ஒட்டி வளைத்துப் பாரம் தாங்க வைத்த கைகளின் திறமையை அதில் நேரே பார்க்கலாம். போருக்குப் பின் வேகன்களின் வளைந்த சட்டங்களை அடுக்கு அடுக்காக ஒட்டி, மின் அலைகளால் சூடேற்றி, நிமிடக் கணக்கில் பசையை இறுக வைத்தார்கள். 1951 முடிவில் ஆலை மூடப்பட்டது. ஃபோர்டு அதன்பின் பக்கச்சுவரே மரமான இப்படிப்பட்ட உடல் செய்யவில்லை.

இனி மரவேலை. வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் அப்படியே நிற்கட்டும், அதுதான் உங்கள் வரைபடம். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, இருந்த நிலையிலேயே படம் எடுத்து, 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அச்சு வெட்டி வைக்க வேண்டும். மக்கிப்போன துண்டைக்கூட எறியக் கூடாது. திருகுத் துளையின் இடம், வடிகால் வெட்டு, மூட்டின் ஆழம் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கும்.

முதலில் மக்குவது கீழ்க் குறுக்குச் சட்டங்கள். கதவின் அடி, பின் சக்கரத்தின் பின்னுள்ள மூலை, பின் கதவின் அடிச்சட்டம். கூர்மையான குத்தூசியால் ஒரு அங்குலத்துக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். நல்ல மேப்பிளில் ஊசி ஏறாது. வார்னிஷ் முழுசாக இருந்தும் ஊசி இறங்கினால் ஈரம் பின்புறத்திலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். மேப்பிள் கடினமான மரம்தான், ஆனால் மக்கலைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. வடிகாலைப் பற்றி நான்காம் நாள் அத்தனை சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரு தூணின் அடி மட்டும் போயிருந்தால் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்டு ஆலையே தூணையும் குறுக்குச் சட்டத்தையும் விரல் கோத்ததுபோன்ற பல் மூட்டுகளால் இணைத்தது. அந்த மூட்டிலேயே பிரித்துப் புதுத் துண்டைக் கோத்தால் ஒட்டு வெளியே தெரியாது, அசலும் காப்பாற்றப்படும். நடுவில் ஒட்டியே தீர வேண்டுமென்றால் சாய்வெட்டு: ஒரு அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குல நீளச் சாய்வு, அதற்குக் குறையக் கூடாது. முழுக்கப் புது மரம் போட்ட வண்டிகள் பரிசு வாங்குகின்றன. இருந்தாலும் எழுபது ஆண்டு மூத்த மேப்பிள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு நல்ல வண்டி என்பதே இங்கே நமது அளவுகோல்.

கதவின் வளைந்த சட்டம் போயிருந்தால் நேர்மரத்தில் அறுத்தெடுக்கக் கூடாது. வளைவில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, கதவை அறையும்போது அந்த இடத்தில் பிளக்கும். ஒரு நூல் கனப் பட்டைகளாக அறுத்து, அச்சின் மேல் பசையிட்டு அடுக்கிக் கிளாம்ப் போட வேண்டும். கிளாம்பை எடுத்ததும் மரம் கொஞ்சம் நிமிரும். பட்டைகளின் எண்ணிக்கை கூடக் கூட நிமிர்வது வேகமாகக் குறையும்: நான்கு பட்டை என்றால் வளைவில் சுமார் பதினாறில் ஒரு பங்கு, எட்டு என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு அச்சைக் கூடுதலாக வளைத்துச் செய்துகொள்ளலாம்.

பசையில் சமரசம் தவிர்க்க முடியாது. ரெசார்சினால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது, ஆனால் வெள்ளை மரத்தில் கருஞ்சிவப்புக் கோடு விடும். மறைவான மூட்டுகளுக்கு அதுதான். எபாக்ஸி கோடு தெரியாது, சிறு இடைவெளியையும் நிரப்பும். அறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸி, வெயிலில் காயும் வார்னிஷ் மரத்தின் சூட்டில் இளகத் தொடங்கும் என்பதால் ஒட்டிய பின் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். சாதாரண வெள்ளைப் பசையை வளைந்த அடுக்குக்குப் பயன்படுத்தினால் அடுக்குகள் மெல்ல ஒன்றன்மேல் ஒன்று நழுவும்.

இடைவெளிக் கணக்கு. மேப்பிள் ரேகைக்குக் குறுக்கே நன்றாகச் சுருங்கும் மரம். மூன்று அங்குல அகலச் சட்டம் 12 விழுக்காடு ஈரத்திலிருந்து 6க்கு இறங்கினால் அரை நூல், அதாவது 1/16 அங்குலம் சுருங்கும். சூடேற்றிய பட்டறையில் குளிர்காலத்தில் கதவைக் கச்சிதமாகப் பொருத்தினால் ஆகஸ்டில் அது சிக்கிக்கொள்ளும். ஈரமானியால் அளந்து, உலர்ந்த காலத்தில் வேலை செய்தால் இடைவெளியை அரை நூல் தாராளமாக விடுங்கள்.

பலகைகளுக்குக் கடையில் மஹோகனி என்று சொல்லி வேறு மரப் பிளைவுட்டைத் தருவார்கள். துளையும் நிறமும் ஒத்துவராது. கால் அங்குல உண்மையான மஹோகனி பிளைவுட் கேட்டு வாங்கி, ரேகையின் திசையைப் பழைய பலகையைப் பார்த்து வெட்ட வேண்டும். மேல் வெனீர் அரை மில்லிமீட்டர்தான். மெஷின் தேய்ப்பு வேண்டாம், கட்டையில் சுற்றிய 220 உப்புத்தாள் போதும்.

ஏழாம் நாள்: ஆல்பர்ட்டா, மிச்சிகன்

யு.எஸ். 141இல் கிரிஸ்டல் ஃபால்ஸ் தாண்டி வடக்கே போனால் காட்டுக்குள் ஆல்பர்ட்டா. 1936இல் ஃபோர்டு கட்டிய மர ஆலைக் கிராமம். வரிசையாக ஒரே மாதிரி வெள்ளை வீடுகள், குளம், ஆலை. 1954இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது, இன்றும் வனவியல் மாணவர்கள் இங்கே பயில்கிறார்கள். சுற்றிலும் சர்க்கரை மேப்பிள்தான், அக்டோபரில் சிவந்து நிற்கிறது.

மரம் வாங்குவதற்கும் இந்தப் பகுதிதான் சரி. குளிர்காலத்தில் வெட்டிச் சீக்கிரம் சூளையில் உலர்த்திய மரம் கேளுங்கள். கோடையில் வெட்டிக் கிடந்தால் வெளிமரத்தில் சாம்பல் கறை ஏறும். வைரப்பகுதி பழுப்பு, அதைத் தவிர்த்து வெள்ளையான வெளிமரத்தையே எடுக்க வேண்டும். வாங்கியதைப் பட்டறையில் இடைக்கட்டை வைத்து அடுக்கிச் சில வாரம் விட்டு, 6 முதல் 8 விழுக்காடு ஈரத்தில் இழைக்கலாம்.

பழைய மரத்தின் கறுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றால் கனம் போய்விடும். லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, முழுச் சட்டத்துக்கும் சீராகத் தடவ வேண்டும். கறை மேல் மட்டும் தடவினால் வெள்ளைத் திட்டு விழும். காய்ந்ததும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, சோடா உப்பு கரைத்த நீரால் ஒருமுறை கழுவுங்கள். மிஞ்சிய படிகம் உப்புத்தாள் தேய்க்கும்போது தூசியாகி மூச்சில் ஏறும், முகமூடி கட்டாயம். புது மரமும் பழைய மரமும் நிறம் ஒத்துவர நிறமி கலந்த ஸ்டெயின் வேண்டாம், மேப்பிளில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மிக நீர்த்த சாயம் போதும். மீதியை வார்னிஷின் மஞ்சளும் வெயிலும் சேர்ந்து சமன் செய்யும்.

வார்னிஷ் என்றால் படகுக்கு அடிக்கும் ஸ்பார் வார்னிஷ். முதல் பூச்சு பாதிக்குப் பாதி மினரல் டர்பென்டைன் கலந்து, பின்புறம், மூட்டின் உள்பக்கம், திருகுத் துளை, ரேகை முனை எல்லா இடத்திலும். முகப்பை மட்டும் பூசிப் பின்பக்கத்தை விட்டதால்தான் பெரும்பாலான மரங்கள் கொப்பளித்து உரிகின்றன. அடுத்தடுத்த பூச்சுகளில் கலப்பைக் குறைத்து மொத்தம் எட்டு, இடையிடையே 320 தாள். 18 முதல் 24 டிகிரி வெப்பம், 60 விழுக்காட்டுக்குள் ஈரம். பாலியூரித்தேன் கெட்டியாக இருக்கும், ஆனால் மரம் அசையும்போது கூட அசையாது. விளிம்பில் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. மரம் முழுவதையும் எபாக்ஸியில் மூடுவதும் இதே காரணத்தால் நமக்கு உவப்பில்லை.

சேர்க்கும்போது மரமும் எஃகும் நேரே தொடக் கூடாது, நடுவே தார்த் துணிப் பட்டை. தெரியும் திருகுகள் பழைய தலை வடிவிலேயே வேண்டும். மறைவானவை சிலிக்கான் வெண்கலமாக இருக்கலாம், துருக் கறை மறுபடி வராது. ஒவ்வொரு துளையிலும் திருகு போடும் முன் ஒரு சொட்டு வார்னிஷ். பின் கதவை ஸ்டெப்னி இல்லாமல் பொருத்தி, இடைவெளி பார்த்து, ஸ்டெப்னியை மாட்டி மறுபடி பார்க்க வேண்டும். எடை ஏறியதும் கதவு தொங்கும் அளவை முன்பே கீலில் ஏற்றி வைப்பது வழக்கம். முதல் 500 மைல் ஓடியதும் எல்லாத் திருகுகளையும் கையால் ஒருமுறை இறுக்குங்கள், மெஷின் வேண்டாம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் அதிகம் படும் பக்கத்தில் 400 தாளால் லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு. நிறம் மங்கத் தொடங்கும்போதே அடித்துவிட வேண்டும். உரியும்வரை காத்திருந்தால் அந்தச் சட்டத்தை மரம் தெரியும்வரை சுரண்டி, முதல் பூச்சிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.